தாய் பெயர் எழுதிய சட்டை

போன மாதம் ஒரு மதியம், நான் வேலை பார்த்த உதைபந்தாட்டக் கழகத்திலிருந்து டீன் தொலைபேசியில் அழைத்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு, ஆட்டக்காரரின் உடுப்புகளைப் பராமரிக்கும் கிட் ரூமில் என் இடத்துக்கு வந்தவன் அவன். நல்ல பிள்ளை, ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். புதிதாக வந்த ஆட்டக்காரன் ஒருவன் தன் செல்லப் பெயரைத்தான் சட்டை முதுகில் போடவேண்டும் என்று அடம்பிடிக்கிறானாம்.

"சாண்டி, உங்கட காலத்திலயும் இப்படிப் பேருக்கு மல்லுக்கட்டின ஆக்கள் இருந்தவையோ?" என்று கேட்டான்.

"ஒருத்தன் இருந்தவன்," என்றேன். அதற்குள் அங்கே ஒரு மெஷின் கூவியது. பிறகு கதைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். அவனுக்கு நேரமில்லை, எனக்கோ நேரம் கொட்டிக் கிடக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இந்தக் கதையில் வெள்ளைக்காரரும் ஹொண்டூரஸ்காரரும் மன்னார்த் தமிழ் கதைப்பார்கள். அவர்கள் உண்மையில் பேசியது ஆங்கிலமும் ஸ்பானியமும்தான். ஆனால் இத்தனை வருடங்களுக்குப் பிறகு, மத்தியானம் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடினால், எல்லாரும் எங்கள் தமிழில்தான் கதைத்துக்கொண்டு வருகிறார்கள். கனவில் யார் மொழிபெயர்ப்பாளரைத் தேடுகிறார்கள்?

நான் மன்னாரில் பிறந்தவன். சண்டைக்காலத்தில் நானும் மனைவி ஸ்டெல்லாவும் இத்தாலிக்குப் போய், பலெர்மோ நகரத்தில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் வேலைக்கு நின்றோம். அவள் சமையல், நான் துவைப்பதும் ஸ்திரி போடுவதும். அந்த வீட்டுக்காரரின் சட்டைக் கழுத்துகளில்தான் என் தொழில் படித்தேன் என்று சொல்லவேண்டும். பிறகு லண்டனில் நோர்பரிக்கு வந்தோம். கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, கழகத்தின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. சலவையிலிருந்து கிட் ரூமுக்கு ஏற ஒரு வருடம் எடுத்தது. இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு கதவுதான்.

என் பெயர் பெனடிக்ற். சந்தியாப்பிள்ளை என்பது என் தகப்பனின் பெயர். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் என் பாஸ்போட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கே அதைக் குடும்பப் பெயர் என்று பிடித்துக்கொண்டார்கள். அது வாயில் நுழையாமல் சந்தியா ஆகி, பிறகு சாண்டி ஆனது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஊர் எல்லையைத் தாண்டாத என் தகப்பனைத்தான் லண்டனில் எல்லாரும் நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "என்ர மாமாவை ஏனப்பா இப்பிடி வேலை வாங்கிறாங்கள்?" என்று ஸ்டெல்லா பகிடி பண்ணுவாள்.

கிட் ரூம் என்பது மைதானத்துப் பார்வையாளர் மேடைக்குக் கீழே, யன்னலே இல்லாத ஒரு நீள அறை. அதில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். வெளியே மழை பெய்கிறதா, வெயிலா என்று தெரியாது. சவர்க்கார மணமும் தோல் மணமும் நீராவியும் கலந்து, நின்றபடியே நித்திரை வரும். அந்த அறைக்குள் கழித்த வருடங்கள் எனக்கு இன்றைக்கும் ஒரே ஒரு நீண்ட பின்னேரம் போலத் தோன்றுகின்றன.

அந்த அறைக்கு ராசா ரெக். என் மேலாளர். மெலிந்த, உயர்ந்த மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒரு காலுறையை நான் பிழையாக மடித்து வைத்தால், அதை விரித்து என் முன்னால் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடுவார். அவ்வளவுதான் கண்டனம். தேநீர் இரண்டு கோப்பையாக வந்தால் மன்னிப்பு, ஒரு கோப்பையாக வந்தால் இன்னும் ஒருமுறை மடிக்கவேண்டும்.

ஆட்டநாள் காலையில் சட்டைகளைத் தொங்கவிடுவது அவருக்குப் பூசைக்குச் சமம். இலக்கம் வாசலைப் பார்க்கவேண்டும். ஆட்டக்காரன் உள்ளே வந்ததும் தன் இலக்கத்தைக் காணவேண்டும், தேடக்கூடாது. கீழே காற்சட்டை, அதன் மேல் காலுறை, தரையில் துவாய், துவாயின் மேல் பூட்ஸ். சட்டை நிலத்தில் படவே கூடாது. பட்டுவிட்டால் அது மறுபடியும் சலவைக்குப் போகும், ஆட்டம் தொடங்க எவ்வளவு நேரம் இருந்தாலும் சரி.

ரெக் எந்த ஆட்டக்காரனையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நாலு, பத்து, பதினெட்டு என்றுதான் சொல்வார். முதுகில் பெயர் எழுதும் வழக்கம் வருவதற்கு முந்திய காலத்து மனிதர். "பேர் கடைக்காரன்ர வியாபாரம். இலக்கம்தான் எங்கட வேலை," என்பார்.

இசிதோரோ வந்தது ஓர் ஆவணி மாதம். ரெக் அவனுக்குக் கொடுத்த இலக்கம் இருபத்தேழு. ஹொண்டூரஸின் வடகரைத் துறைமுகப் பட்டினத்துக்காரன், நடுக்களத்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்கிறவன். ஊரில் பேர் எடுத்து, மெக்சிக்கோவில் விளையாடி, அங்கிருந்து எங்களிடம் வந்தான். ஒரு சீசனுக்குத்தான் ஒப்பந்தம். விளையாடிக் காட்டினால் அடுத்த சீசனும் இருக்கலாம், இல்லாவிட்டால் வேலை அனுமதியும் முடியும், ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான். பின்னாளில் அவன் பெல்ஜியத்திலும் கிரேக்கத்திலும் விளையாடிவிட்டு நாடு திரும்பினான். பெரிய நட்சத்திரம் ஆகவில்லை. பத்திரிகைகள் அவனை மறந்திருக்கும், நான் மறக்கவில்லை.

அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கு ஸ்பானியம் தெரியாது. என் பலெர்மோ இத்தாலியனும் அவனுடைய ஸ்பானியமும் பாதிவழியில் சந்தித்துக்கொண்டன. மிச்சத்தைக் கையால் சொன்னோம். அவன் கிட் ரூமிலேயே குந்திவிட்டான். பயிற்சி முடிந்து மற்றவர்கள் காரில் பறந்த பிறகும், உடுப்புக் காயவைக்கும் ட்ரையருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு நிலத்தில் இருப்பான். ரெக் மூன்றாவது கோப்பையை எடுத்து வைத்தார்.

அவனுடைய முழுப்பெயர் இசிதோரோ பினேடா மொந்தேரோ. அவர்கள் நாட்டில் பிள்ளைக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலில் வருவது தகப்பனுடையது, கடைசியில் வருவது தாயுடையது. ஆளை அழைப்பது தகப்பன் பெயரால். ஊர் முழுக்க அவன் பினேடா. இங்கிலாந்திலோ கடைசியில் நிற்பதுதான் ஆளின் பெயர். அலுவலகத்தில் யாரோ கடைசிச் சொல்லைக் கிள்ளி, போட்டிகளை நடத்தும் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அச்சடித்து வந்த சட்டைகளில் மொந்தேரோ என்று இருந்தது.

முதல் ஆட்டநாளில் அவன் தன் சட்டையைக் கொளுக்கியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தான். எழுத்துகளின் மேல் ஒரு விரலை மெதுவாக ஓட்டினான். என்னைப் பார்த்தான், ரெக்கைப் பார்த்தான். பிறகு போட்டுக்கொண்டான். வந்த இடத்தில் முதல் நாளே முறைப்பாடு சொல்லக்கூடாது என்று நினைத்தானாம். அன்று கடைசி அரைமணிக்குத்தான் இறக்கினார்கள். இறங்கியதுமே இரண்டு தரம் பந்தைப் பறித்தான். எங்கள் ரசிகர்கள் மொந்தேரோ என்று பாடத் தொடங்கினார்கள். எனக்கும் சந்தோசம், ஒரே புளுகம்.

திங்கட்கிழமை வந்தவன் ட்ரையர் பக்கம் போகவில்லை. கதவடியில் நின்றான்.

"சாண்டி, என்ர அப்பா போன் எடுக்கிறாரில்லை," என்றான்.

அன்றுதான் விஷயம் தெரியவந்தது. இசிதோரோவுக்கு நாலு வயதாக இருக்கும்போது தாய் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போனாள். முதலில் கடிதமும் பொம்மையும் வந்தன, பிறகு எதுவும் வரவில்லை. தகப்பன் தொமாஸ் பினேடா பஸ் சாரதி. பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல், தன் பஸ்ஸின் என்ஜின் மூடியின் மேல் ஒரு சாக்கை விரித்து அவனை இருத்திக்கொண்டுதான் ஓட்டுவாராம். பள்ளிக்கூடப் பாடம் அந்த மூடியின் மேல், சாப்பாடு அந்த மூடியின் மேல். பந்து விளையாடும் வயது வந்ததும், பயணிகள் திட்டத் திட்டப் பாதையை விட்டு விலகிப் பயிற்சித் திடலில் அவனை இறக்கிவிட்டுத்தான் போவார்.

அப்படிப்பட்ட மனிதர், மகனின் முதல் லண்டன் ஆட்டத்தைப் பார்க்கத் தெருவையே சலூனுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கேதான் பெரிய தொலைக்காட்சி இருந்தது. மகன் களத்தில் இறங்கியிருக்கிறான். எல்லாரும் கைதட்டியிருக்கிறார்கள். மகன் திரும்பியிருக்கிறான். முதுகில் மொந்தேரோ.

"அப்பா எழும்பி வெளியால போயிட்டாராம். ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம்," என்றான் இசிதோரோ. தகப்பனின் தங்கை, அவனுடைய அத்தை, சொல்லியிருக்கிறாள்.

"இது ஒஃபீஸ்காரற்ற பிழையெண்டு சொல்லன்."

"அத்தையிட்டச் சொன்னனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? பிழையெண்டால் திருத்தட்டும், வாற சனி பாப்பம் எண்டு."

வாற சனிக்கு ஐந்து நாள்தானே இருந்தது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு மேலே அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் அம்மா நல்ல மனுசி, கேட்டதும் அவருடைய முகம் சிவந்துவிட்டது. ஆனால் லீக்கில் பதிந்த பெயரைச் சீசன் நடுவில் நினைத்தபடி மாற்ற முடியாதாம். கழகக் கடையிலும் மொந்தேரோ என்று அடித்துப் பிள்ளைகளுக்கு விற்றுவிட்டார்களாம். பார்க்கலாம், கேட்கலாம் என்றார். இந்த நாட்டில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம் என்பதை அறியாத தமிழன் உண்டா?

கீழே வந்து ரெக்கிடம் சொன்னேன்.

"இருபத்தேழுக்குப் பேர் இல்லை. இருபத்தேழுதான்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. கல்லில் நார் உரிக்க வந்தோமே என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை ரெக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். செத்தவீட்டுக்கு மட்டும் கட்டுகிற பட்டி. மாடிப்படி ஏறினார். மதியச் சாப்பாடு தாண்டித்தான் இறங்கினார். பட்டியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கெட்டிலை நிரப்பினார்.

"ஜனவரியில மாத்தலாமாம். அதுக்கு முன்னம் ஏலாதாம்," என்றார்.

அந்த இலையுதிர்காலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். சனிக்கிழமை வந்தது, அதே பெயர். அடுத்த சனிக்கிழமையும் அதே பெயர். தகப்பன் சலூனுக்குப் போவதை நிறுத்தவில்லை, போனை எடுக்கவும் இல்லை. ஆகவே இசிதோரோ ஒரு வேலை செய்யத் தொடங்கினான். கமெராவுக்கு முதுகைக் காட்டாமல் விளையாடத் தொடங்கினான்.

உதைபந்து தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பைத்தியம் என்று விளங்கும். பந்து போன பிறகு திரும்பி ஓடவேண்டியவன் பின்பக்கமாக ஓடினான். ஆட்டம் நின்றால் கமெரா இருந்த மேடையைப் பார்த்தபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தான். எதிராளி அவனைத் தாண்டிப் போனால், துரத்துவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினான். அந்த ஒரு கணம் போதாதா கோல் விழ? அணியின் மனேஜர் கோட்டடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஏனென்று அந்த மைதானத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்.

"டேய், திரும்பி ஓடடா. உன்ர வேலை போகப்போகுது," என்றேன் ஒருநாள்.

"சாண்டி, நான் திரும்பினால் அவர் எழும்பிப் போயிடுவார்," என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது.

கார்த்திகை முடிவதற்குள் அவனை மாற்று ஆட்டக்காரரின் பெஞ்சில் இருத்திவிட்டார்கள். அவனைப் பெல்ஜியத்துக்கோ எங்கேயோ தள்ளிவிடப் போகிறார்கள் என்று தாழ்வாரத்தில் கதை அடிபட்டது. ஜனவரி வரட்டும் என்று நானும் அவனும் ரெக்கும் காத்திருந்தோம். பெயர் மாறினால் தகப்பன் கதைப்பார், தகப்பன் கதைத்தால் பையன் திரும்பி ஓடுவான், திரும்பி ஓடினால் வேலை நிலைக்கும். அவ்வளவு எளிமையாகத்தான் நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

மார்கழியில் ஒருநாள் கிட் ரூம் தொலைபேசி அடித்தது. வெளியே பயிற்சி நடந்துகொண்டிருந்தது, பனிமூட்டம் என்று சொன்னார்கள். ரெக் பூட்ஸ் பெட்டிகளோடு போயிருந்தார். நான் எடுத்தேன். ஒரு பெண்குரல், ஸ்பானியத்தில். கழகத்தின் தொலைபேசிக்காரி, ஸ்பானியம் என்றதும் என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறாள்.

தான் அமெரிக்காவில் ஒரு ஹொட்டேலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்வதாகச் சொன்னாள். கூட வேலை செய்யும் ஒருத்தியின் மகன் கம்பியூட்டரில் ஒரு படம் காட்டினானாம். ஆட்டக்காரன் ஒருவனின் முதுகு. முகம் தெரியவில்லை, பெயர் தெரிந்தது. ஹொண்டூரஸ் என்றும் போட்டிருந்தது. அவள் குரல் மெல்ல மெல்ல இறங்கி, காதோடு கேட்பதுபோல ஆனது.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். அந்தப் பேரைப் போடச் சொன்னது அவனோ?"

என் கையில் அவனுடைய சட்டை ஒன்று இருந்தது. ஸ்திரி போட்ட சூடு இன்னும் ஆறவில்லை. ஓம் என்றால் பொய். இல்லையென்றால் அந்த மனுசி போனுக்குள்ளேயே விழுந்துவிடுவாள் என்று தோன்றியது.

"அவன் இப்ப திடலில நிக்கிறான் அம்மா. கொஞ்சத்தால எடுங்கோ, அவனையே கேளுங்கோ," என்றேன்.

அவன் சேறும் சகதியுமாக உள்ளே வந்ததும் சொன்னேன். அவன் ஒரு நீள வாங்கில் குந்திப் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், பிறகு கட்டினான், பிறகும் அவிழ்த்தான். தொலைபேசி அடித்தபோது அவன்தான் எடுத்தான். நான் எல்லா ட்ரையர்களையும் வெறுமையாகவே ஓடவிட்டேன். அந்த இரைச்சலில் தாழ்வாரத்தில் போகிறவர்களுக்கு எதுவும் கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. அவன் வாய் அசைவதை மட்டும் பார்த்தேன். கூடுதலாக அசையவுமில்லை.

அவன் போனை வைத்ததும் ட்ரையர்களை நிறுத்தினேன்.

"கேட்டவ. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றான்.

"ஏனடா?"

"நான் உன்னை விட்டிட்டு வந்தன், நீ என்ர பேரை விடேல்லையே எண்டு அழுதா. அவவுக்கு நான் என்ன சொல்லுறது, சாண்டி? ஒஃபீஸில ஆரோ கடைசிச் சொல்லைப் பாத்து எழுதினதெண்டோ?"

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை விட்டுவிட்டுப் போனவளுக்கு ஏன் இந்தச் சலுகை என்று நான்தான் கொஞ்சம் வேகமாகப் பேசினேன். பெத்த மனம் பித்து என்பார்கள், இவளுக்கு இத்தனை வருடம் அந்தப் பித்து எங்கே போனது என்றும் கேட்டேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள். "நாங்களும் விட்டிட்டுத்தானேயப்பா போனனாங்கள்."

எங்கள் மூத்தவளை மன்னாரில் என் தங்கையிடம் விட்டுவிட்டுத்தான் இத்தாலிக்குப் போனோம். பாதை திறக்கவில்லை, விசா கிடைக்கவில்லை, வருடங்கள் போய்விட்டன. கடைசியில் பலெர்மோ விமான நிலையத்தில் பிள்ளை வந்து இறங்கியபோது, ஸ்டெல்லாவைப் பார்த்து 'அன்ரி' என்றாள். அதை நாங்கள் இருவரும் வீட்டில் பேசுவதில்லை. அன்றும் பேசவில்லை.

"அண்டைக்கு அவள் பொய்க்கெண்டாலும் அம்மா எண்டிருந்தால், நான் வேண்டாமெண்டு சொல்லியிருப்பனோ? நீங்கள் சும்மா இருங்கோ. அந்தப் பிள்ளை செய்தது சரி," என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைத் திருப்பிப் போட்டாள்.

ஜனவரியில் அனுமதி வந்தது. மேலேயிருந்து செயலாளர் அம்மாவே இறங்கி வந்து சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை ரெக் ஹீட் பிரஸ்ஸைச் சூடாக்கினார். பிரஸ் என்பது பெரிய தோசைக்கல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தது போன்ற ஒரு சாதனம். சட்டையை விரித்து, சுருக்கம் இல்லாமல் உள்ளங்கையால் தடவி, கழுத்திலிருந்து நாலு விரல் விட்டு எழுத்துகளை அடுக்கவேண்டும். நடு எழுத்தை முதலில் வைத்துவிட்டு இரண்டு பக்கமும் போகவேண்டும், இடமிருந்து தொடங்கினால் பெயர் தோளில் போய் ஏறிவிடும். பிறகு மெல்லிய கடதாசி ஒன்றை மேலே போட்டு அழுத்திப் பிடிக்கவேண்டும். எடுத்ததும் அவசரப்பட்டு உரிக்கக்கூடாது, ஆறவிடவேண்டும். ரெக் புதுச் சட்டை ஒன்றை விரித்துப் பினேடா என்ற எழுத்துகளை வெட்டி அடுக்கி வைத்திருந்தார். அழுத்துவது மட்டும்தான் பாக்கி.

இசிதோரோ பக்கத்தில் நின்றான். பல மாதமாக அவன் கேட்டு அழுத பெயர் அது. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இந்தப் பெயரை ஒட்டினால் அமெரிக்காவில் ஒருத்தி நாளைக்குப் பார்ப்பாள். ஒட்டாவிட்டால் ஊரில் ஒருவர் பார்ப்பார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று வாயால் சொல்வது சுலபம். அன்று நான் அந்த எறும்பைக் கண்ணால் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறுங்கோ, ரெக்," என்றான். "இண்டைக்கு அப்பா எடுப்பாராம். அத்தை சொன்னவ. கதைச்சிட்டுச் செய்வம்."

ரெக் பிரஸ்ஸின் கைப்பிடியை விட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். மூவரும் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றோம். பிரஸ்ஸிலிருந்து சூடு அலையலையாக எழும்பி, எதிர்ச்சுவர் தண்ணீருக்குள் நிற்பதுபோல ஆடியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. மணி அடித்தபோது நான் திடுக்கிட்டேன்.

குரல் தூரத்தில் கேட்டதால் இசிதோரோ ஸ்பீக்கரைப் போட்டான். அந்த அறையில் மறைக்க ஆளில்லை.

"அப்பா."

மறுபக்கத்தில் முதலில் ஓர் இருமல். பிறகு, "சாப்பிட்டியோ?" என்றது குரல். பல மாதத்துக்குப் பிறகு பேசும் தகப்பன் எந்த நாட்டிலும் அதைத்தான் கேட்பார் போலிருக்கிறது.

"சாப்பிட்டன் அப்பா. அப்பா, அந்தப் பேர்..."

"உன்ர தாய் எனக்குப் போன் எடுத்தவ."

இசிதோரோ மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆரிட்டயோ நம்பர் வாங்கி எடுத்திருக்கிறா. இவ்வளவு காலத்துக்குப் பிறகு. என்னைத் திட்டவாக்கும் எடுக்கிறா எண்டு நினைச்சன். இல்லை. நன்றி சொல்லத்தான் எடுத்தவ. 'நீ பிள்ளையை என்னை வெறுக்கச் சொல்லி வளக்கேல்லை, அதாலதான் அவன் தானாக் கேட்டு என்ர பேரைப் போட்டவன்' எண்டு சொன்னா. அவனே தனக்குச் சொன்னவனாம். உண்மையோ எண்டு என்னைக் கேட்டா."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் என்ன சொல்லுறது? ஓம் எண்டு சொன்னன்."

நான் ரெக்கின் காதில் அரைகுறையாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் என் ஆங்கிலம் நின்றுபோனது. ரெக் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

"அப்ப அந்தப் பேர் அப்பிடியே இருக்கட்டும்," என்றார் தகப்பன்.

"அப்பா, இஞ்ச உங்கட பேரை வெட்டி வைச்சிருக்கினம். இப்பவே ஒட்டேலும். நீங்கள் சொன்னால் போதும்."

"எனக்கு ஏன் எழுத்து?" அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார், அல்லது இருமினார். "உன்ர தாயின்ர குடும்பத்தில எல்லாருக்கும் நேர்க் கால். வந்து பார், ஒருத்தருக்கும் வளைவில்லை. நீ ஓடேக்க முழங்கால் ரெண்டும் வெளிப்பக்கம் வளையுதே, அது ஆரிட்டயிருந்து வந்தது? என்ர அப்பாவுக்கு அப்பிடி, எனக்கு அப்பிடி. முதுகில அவவின்ர பேரை வைச்சிரு மோனே. என்ர பேரை நீ காலில வைச்சிருக்கிறாய். அதை மாத்த உங்கட லீக்காலயும் ஏலாது."

இசிதோரோ நிலத்தில் குந்திவிட்டான். அழுதானா சிரித்தானா என்று கேட்டால், இரண்டும்தான். நானும் அழுதேன். ரெக்குக்கு முழுவதையும் சொல்லி முடித்தபோது அவர் பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்தார். எழுத்துகளை ஒன்று ஒன்றாகப் பொறுக்கி, புதுச் சட்டையை மடித்து வைத்தார். பிறகு கெட்டிலைப் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் கொதித்து நின்ற பிறகும் நீண்டநேரம் அங்கேயே நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை அவன் பெஞ்சில்தான் தொடங்கினான். இடைவேளைக்குப் பிறகு நடுக்களத்தில் ஒருவனுக்குக் கால் பிடித்துவிட, மனேஜர் வேறு வழியில்லாமல் இவனை எழுப்பினார். நான் வீரர்கள் வெளியேறும் வாசலில் துவாயோடு நின்றேன். பின்னேர மழை தூறிக்கொண்டிருந்தது. விளக்குகளைப் போட்டிருந்தார்கள், புல் முழுக்க மினுங்கியது. அவன் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் கால் வைத்தான். எதிராளி ஒருவன் பந்தோடு தூரப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். இசிதோரோ தயங்கவில்லை. மேடைக்கும் கமெராவுக்கும் முழு முதுகையும் கொடுத்துத் திரும்பி, அவனைத் துரத்தி ஓடினான்.

மேடை முழுக்க அந்த முதுகைப் பார்த்து மொந்தேரோ, மொந்தேரோ என்று கத்தியது. நான் அவனுடைய முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்து வளைந்து ஓடின.

"ஓடு பினேடா," என்றேன், வாய்க்குள்.